வேதத்தை மூடிய பின் தொடங்கும் ஜெபம்

வீட்டு ஜெபக்கூட்டத்தில் வழக்கமாக ஜெபிக்கிற ஒருவரிடம், "இன்றைக்கு ஒரு வசனமும் சொல்லாமல், உங்கள் சொந்த வார்த்தையில் ஐந்து நிமிடம் ஆண்டவரிடம் பேசுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். பலருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடாது. இவர்கள் அரை மணி நேரம் தங்குதடையின்றி ஜெபிக்கக்கூடியவர்கள்தான். சங்கீதம் 91, ஏசாயா 41, ரோமர் 8 என்று வசனங்கள் கோத்துக் கோத்து வரும். அவற்றை எடுத்துவிட்டால் திகைத்து நின்றுவிடுகிறார்கள். இதைப் பக்திக் குறைவு என்று யாரும் எண்ண வேண்டாம். ஞாயிறு பள்ளி நாட்களிலிருந்து நமக்குப் பழக்கியது வசனம் ஒப்பிப்பது. இயேசுவோடு எப்படிப் பேசுவது என்று உட்காரவைத்துச் சொல்லித் தந்தவர்கள் குறைவு. ஆனால் அது யாரும் பழகக்கூடியது. எந்த வயதிலும் தொடங்கலாம்.

ஏன் பழக வேண்டும் என்பதை இயேசுவே சொல்லியிருக்கிறார். வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்களிடம் அவர் பேசியது யோவான் 5:39, 40-இல் இருக்கிறது: வேதவாக்கியங்களில் நித்தியஜீவன் உண்டென்று எண்ணுகிறீர்கள், அவையோ என்னைக் குறித்துச் சாட்சி கொடுக்கின்றன, அப்படியிருந்தும் என்னிடத்தில் வர உங்களுக்கு மனதில்லை என்கிறார். வசனம் முழுவதும் தெரிந்திருந்தும், அந்த வசனம் யாரைக் காட்டுகிறதோ அவரிடம் போகாமலே இருந்துவிட முடியும். அப்போஸ்தலர் 19-இல் ஸ்கேவாவின் ஏழு குமாரர் ஒரு பொல்லாத ஆவியைத் துரத்த இயேசுவின் நாமத்தைச் சரியாகத்தான் உச்சரித்தார்கள். ஆவியோ, இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார் என்று கேட்டது. 1 சாமுவேல் 4-இல் உடன்படிக்கைப் பெட்டியைப் பாளயத்துக்குள் தூக்கிவந்தால் ஜெயம் நிச்சயம் என்று இஸ்ரவேலர் நம்பினார்கள். முதல் போரில் நாலாயிரம் பேர் மடிந்திருந்தார்கள். பெட்டி வந்த பிறகு 30,000 காலாட்கள் விழுந்தார்கள், பெட்டியும் பிடிபட்டது. பரிசுத்தமான ஒன்றைக் கையில் வைத்திருப்பது வேறு, அதற்குரியவரோடு இருப்பது வேறு.

தினசரிப் பழக்கத்துக்கு 20 நிமிடம் போதும். ஒரு மணி நேரம் என்று வைராக்கியமாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரு மாதம் தாண்டுவதில்லை. வீட்டிலுள்ளவர்கள் எழும்புவதற்கு முன்னால், தினமும் ஒரே நாற்காலி, ஒரே இடம். அச்சிட்ட வேதாகமத்தை வைத்துக்கொள்ளுங்கள். போனில் வாசித்தால் மேலே வந்து விழும் வாட்ஸ்அப் செய்தி உங்களை எங்கேயோ கொண்டுபோய்விடும். வாசிப்புக்கு ஆறேழு நிமிடம், பேசுவதற்கு எட்டு முதல் பத்து நிமிடம், அமைதிக்கு மூன்று நிமிடம், மிச்சத்தில் ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதுவது. இதுதான் அளவு.

எதை வாசிப்பது? மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குவது நல்லது. நான்கு சுவிசேஷங்களில் அதுவே சிறியது, 16 அதிகாரம். ஒரு நாளுக்கு 10, 12 வசனம் என்றால் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் முடியும். வாக்குத்தத்தங்கள் நிறைந்த பகுதிகளைத் தொடக்கத்தில் தள்ளிவைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே போனதும் நம் கண் தானாக "எனக்கு என்ன கிடைக்கும்" என்று தேட ஆரம்பித்துவிடும். சுவிசேஷத்தில் ஒருவர் நடமாடுகிறார். எதற்குக் கோபப்படுகிறார், குஷ்டரோகியை ஏன் கையால் தொடுகிறார், படகின் பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்கும் அளவுக்கு எப்படிக் களைத்துப்போகிறார் என்பதெல்லாம் தெரியவரும். குணம் தெரியாத ஒருவரோடு உறவு எப்படி வளரும்?

ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். மாற்கு 10:46 முதல் 52 வரை, பர்திமேயு என்ற குருடன். முதலில் மனதுக்குள் ஒரு முறை, பிறகு வாய்விட்டு ஒரு முறை வாசியுங்கள். மூன்று கேள்விகள் போதும். இங்கே இயேசு என்ன செய்கிறார்? யாரைக் கவனிக்கிறார்? நான் அந்த எரிகோ சாலையில் இருந்திருந்தால் எங்கே நின்றிருப்பேன், கூப்பிடுகிறவனாகவா, அவனை அதட்டுகிற கூட்டத்திலா? வாசித்து முடித்ததும் வேதாகமத்தை மூடுங்கள். மூடுவது முக்கியம். திறந்திருந்தால் கண் அடுத்த வசனத்துக்கு ஓடும், வாய் அதை ஜெபமாக ஆக்கிவிடும். மூடிவிட்டு, பர்திமேயுவிடம் அவர் கேட்ட கேள்வியை உங்களிடம் கேட்பதாக வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்: நான் உனக்கு என்ன செய்யவேண்டும்? அவன் சொன்ன பதில் ஒரே வரி, பார்வையடையவேண்டும் என்பது. நீங்களும் அப்படியே சொல்லலாம். "ஆண்டவரே, பெரியவனோட பீஸ் கட்ட வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். கையில பாதிதான் இருக்கு. வீட்டுக்காரரிடம் கேட்க எனக்குப் பயமாக இருக்கு."

இந்த மாதிரிப் பேச்சு பலருக்கு முதலில் கூச்சமாக இருக்கும். மேடையில் கேட்ட "தேவரீர்", "சமூகத்தில் வருகிறோம்", "ஒப்புக்கொடுக்கிறோம்" எல்லாம் இல்லாமல் ஜெபமா என்று தோன்றும். வீட்டில் அப்பாவிடம் பேசும் தமிழில் பேசுங்கள். திருநெல்வேலித் தமிழானாலும் யாழ்ப்பாணத் தமிழானாலும் சரி. "நீர்" என்று சொல்லிப் பழகிய வாய்க்கு அதை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை; மாற்ற வேண்டியது உள்ளே இருக்கிற சரக்கைத்தான். பொதுவான சொற்கள் வரும்போதெல்லாம் நிறுத்தி, பெயரும் ஊரும் தேதியும் சேர்த்துச் சொல்லுங்கள். "என் குடும்பத்தை ஆசீர்வதியும்" என்ற இடத்தில் யாரை, எந்த விஷயத்தில் என்று வரட்டும். "என் பாவங்களை மன்னியும்" என்ற இடத்தில், நேற்று மாலை மாமியாரிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தை வரட்டும். 1 சாமுவேல் 1-இல் அன்னாள் வசனம் எதையும் எடுத்துச் சொல்லவில்லை. உதடு மட்டும் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை, ஆசாரியன் ஏலி அவள் குடிவெறியில் இருக்கிறாள் என்று நினைத்தான். தன் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றிவிட்டதாக அவள் பதில் சொன்னாள். அந்த ஜெபம் கேட்கப்பட்டது.

பேசிய பிறகு மூன்று நிமிட அமைதி. இதில் ஏதாவது குரல் கேட்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். பேசி முடித்தவுடன் எழுந்து ஓடாமல் அவரோடு இருப்பது, அவ்வளவுதான். நோட்டில் எழுதும் இரண்டு வரியில் ஒன்று இன்று இயேசுவிடம் பார்த்தது, மற்றது இன்று அவரிடம் சொன்னது. மாதக் கடைசியில் அந்தப் பக்கங்களைப் புரட்டினால், எதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறோம், எதைப்பற்றி அவரிடம் வாயே திறக்கவில்லை என்பது தெளிவாகத் தெரியும். பெரும்பாலும் அந்த இரண்டாவதில்தான் வேலை இருக்கிறது.

மனம் அலையும். அது எல்லாருக்கும் நடப்பது. அலைந்த இடத்தையே ஜெபமாக்கிவிடுங்கள். கேஸ் புக் பண்ணவில்லையே என்று மனம் போனால் அதையும் அவரிடம் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். அதோடு போராடினால்தான் அலைச்சல் கூடும். தூக்கம் வந்தால் கட்டிலைவிட்டு எழுந்து, நடந்துகொண்டே மெல்லிய சத்தத்தில் பேசுங்கள்.

இதைவிடக் கடினமானது வறட்சிக் காலம். வாரக்கணக்கில் சுவரோடு பேசுவதுபோல இருக்கும். அப்போது பலர் வசனங்களை அதிகச் சத்தமாக அறிக்கையிட ஆரம்பிக்கிறார்கள். சத்தத்தால் அந்த வெறுமை நிரம்புவதில்லை, தொண்டைதான் கட்டுகிறது. சங்கீதம் 88-ஐ வாசியுங்கள். புலம்பலில் ஆரம்பித்து இருளிலேயே முடிகிற சங்கீதம் அது, கடைசியில்கூட நம்பிக்கை வரி இல்லை. அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள் என்றால், "ஒன்றும் உணர முடியவில்லை ஆண்டவரே" என்று சொல்வதும் ஜெபம்தான். சொந்த வார்த்தை சுத்தமாக வற்றிப்போன நாட்களில் பரமண்டல ஜெபத்தை எடுத்து, ஒரு விண்ணப்பத்துக்கு இரண்டு நிமிடம் என்று நின்று நிதானமாகச் சொல்லலாம். மனப்பாட ஜெபம் நமக்கு எதிரி அல்ல. ஆராதனை முறைப் புத்தகமும் ஜெபமாலையும் எத்தனையோ பேரை இப்படிப்பட்ட நாட்களில் தாங்கியிருக்கின்றன. யாரிடம் சொல்கிறோம் என்ற நினைவு போய்விட்டால் மட்டுமே மத்தேயு 6:7-இல் சொல்லப்பட்ட வீண்வார்த்தைகளாக அவை மாறும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தூக்கம், பசி, எதிலும் பிடிப்பு எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்திருந்தால், அல்லது செத்துப்போகலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும், அது ஆவிக்குரிய வறட்சி என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். அப்படித் தவிக்கிறவரிடம் "விசுவாசம் போதாது" என்று சொல்லும் ஜெபக்குழு அவருக்குக் கேடு செய்கிறது.

இனி, புது வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டிலிருந்து எடுத்த அட்டை அடுத்த பன்னிரண்டு மாதமும் பீரோ கதவிலும் பைக் டாங்கிலும் ஒட்டியிருக்கும். அதன்மேல் வைக்கிற அன்பைக் குறைசொல்ல முடியாது. அட்டையில் வந்தது எனக்கான ஒப்பந்தம் என்று எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல் வருகிறது. அடிக்கடி வரும் ஒன்று எரேமியா 29:11, தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற வசனம். விசா, பணி உயர்வு, குழந்தைப்பேறு என்று எல்லாவற்றுக்கும் இதைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்கிறார்கள். அந்த வசனம் வருவது ஒரு கடிதத்தில். எருசலேமிலிருந்து எரேமியா எழுதுகிறான். பெறுகிறவர்கள் எகொனியா ராஜாவோடு பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்கள். அதற்கு முந்திய 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் திரும்பிவிடும் என்று கர்த்தருடைய பெயரால் சொல்லியிருந்தான். கேட்க இனிமையான வாக்குத்தத்தம் அதுதான், அதுவே பொய். கர்த்தர் சொன்னதோ 70 வருஷம். அதுவரைக்கும் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், நீங்கள் சிறைப்பட்டிருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்கிறார். கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமலே அங்கே இறந்திருப்பார்கள். 11-ஆம் வசனம் அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. இப்படி வாசித்தால் அந்த வசனம் சிறுத்துப்போவதில்லை. விசா வராத வருஷத்திலும் நம்மேல் நினைவாயிருக்கிற ஒருவரை அது காட்டுகிறது. தொடர்ந்து 12, 13-இல் என்னைக் கூப்பிடுவீர்கள், என்னைத் தேடுவீர்கள், கண்டுபிடிப்பீர்கள் என்று அவர் தம்மையே கொடுக்கிறார். அட்டையில் அந்த வரிகளுக்கு இடம் இருப்பதில்லை.

ஆகவே அட்டை எடுத்தால் அன்றிரவே இதைச் செய்யுங்கள். அந்த அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். பேசுவது யார், யாரிடம், எந்த நிலைமையில் என்று மூன்றையும் அட்டையின் பின்புறம் எழுதுங்கள். இதிலிருந்து அவரைப்பற்றி என்ன தெரிகிறது என்று ஒரு வரி சேருங்கள். வருஷம் முழுக்க அந்த வரியை வைத்து ஜெபியுங்கள்.

வேதாகமத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைத்துப் பதில் தேடுவதும் பரவலான பழக்கம். முழு வேதாகமத்தை நடுவில் பிரித்தால் சங்கீதத்தை ஒட்டித்தான் திறக்கும். பழைய பிரதியாக இருந்தால் தைப்பு எங்கே தளர்ந்திருக்கிறதோ, எந்தப் பக்கத்தை அதிகம் புரட்டியிருக்கிறோமோ அங்கே திறக்கும். ஆறுதலான வசனமே திரும்பத் திரும்ப "கிடைப்பதற்கு" அதுதான் காரணம். பயமுறுத்துகிற வசனம் வந்துவிட்டால் மறுபடி திறக்கிறோம், இல்லாவிட்டால் இரவெல்லாம் தூங்காமல் கிடக்கிறோம். இரண்டிலும் ஆண்டவரிடம் நேராகக் கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அவருடைய தழும்புகளால் குணமாகிறோம் என்று ஏசாயா 53-ஐ அறிக்கையிட்டு, சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் வலிப்பு மாத்திரையையும் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தினால்தான் விசுவாசம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். மத்தேயு 4-இல் தேவாலயத்து உப்பரிகையில் நின்று, கீழே குதியும், தூதர்கள் தாங்குவார்கள் என்று சங்கீதம் 91-ஐ எடுத்துச் சொன்னது பிசாசு. வசனம் வேதத்தில் இருக்கிற வசனம்தான். இயேசு குதிக்கவில்லை, உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்று உபாகமத்திலிருந்து பதில் சொன்னார். பிதாவை அறிந்திருந்ததால் அவருக்கு அதைச் சோதித்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் வேலை. குணத்துக்காக ஜெபியுங்கள், மாத்திரையையும் போடுங்கள்.

மறுபக்கத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. உறவுதான் முக்கியம் என்று வேத வாசிப்பைக் கைவிட்டவர்கள் கொஞ்ச நாளில் தங்கள் விருப்பத்தையே அவருடைய சத்தமாகக் கேட்க ஆரம்பிக்கிறார்கள். "கர்த்தர் என்னோடு பேசினார், இந்தப் பெண்தான்" என்று ஒருவர் சொல்வார். அந்தப் பெண்ணிடம் கர்த்தர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். பாளையங்கோட்டையில் 1891-இல் பிறந்து, பின்னாளில் கோயம்புத்தூர் பேராயராக இருந்த ஏ. ஜே. அப்பாசாமி, கிறிஸ்தவ வாழ்வை இயேசுவிடம் கொள்ளும் பக்தியாகவே விளக்கியவர். அவரே அனுபவத்தைத் தனியாக விடவில்லை. வேதம், யுக்தி (பகுத்தறிவு), அனுபவம், சபை என்ற நான்கையும் பிரமாணங்களாக, அதாவது உண்மையை அறியும் அளவுகோல்களாக வைத்தார். திருமணம், வேலை, வீட்டுக்கடன் போன்ற முடிவுகளுக்கு அந்த நான்கையும் இப்படிப் பயன்படுத்தலாம். உள்ளத்தில் பட்டதை ஒரே வரியில் தேதியோடு எழுதுங்கள். சுவிசேஷத்தில் பார்த்த இயேசுவின் குணத்துக்கு அது பொருந்துகிறதா? கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்கிறதா? ஒரு வாரம் கழித்து, கோபமும் அவசரமும் அடங்கிய பிறகும் அப்படியே இருக்கிறதா? உங்களுக்கு "வேண்டாம்" என்று சொல்லக்கூடிய இரண்டு மூத்த விசுவாசிகள் என்ன சொல்கிறார்கள்? தலையாட்டுகிறவர்களை இதற்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். நான்கில் ஒன்று தட்டினாலும் பொறுங்கள். "இன்றைக்கே செய், யாரிடமும் சொல்லாதே" என்று உந்துகிற சத்தத்தை அதிகமாகச் சந்தேகியுங்கள்.

துக்க வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் வசனத்தின்மேல் சாய்கிற பழக்கம் மற்றவர்களைக் காயப்படுத்துகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அன்றைக்கே, சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்ற ரோமர் 8:28-ஐச் சொல்லுகிறோம். சொல்வதற்கு நமக்கு ஏதாவது வேண்டியிருப்பதால்தான் அதைச் சொல்லுகிறோம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் நல்லது அதுதான். வாயைத் திறந்த பிறகு அவர்கள் சொன்னதில் பாதி, தனியே எடுத்தால் அட்டையில் அச்சிடத் தகுந்தது. யோபு கத்தினான், வழக்காடினான், ஆனால் தேவனை நோக்கியே பேசினான். கடைசி அதிகாரத்தில் தேவன் யோபுவின் பேச்சைத்தான் ஏற்றுக்கொண்டார். நோயாளியைப் பார்க்கப் போனால் பத்து நிமிடத்துக்கு மேல் இருக்காதீர்கள். ஜெபிக்கட்டுமா என்று முதலில் கேளுங்கள். எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று அவரையே சொல்லவிடுங்கள். குணமாக வேண்டும் என்று சொல்வார் என்று நினைப்போம், அவரோ "இன்னைக்கு ராத்திரி தூங்கணும்" என்பார். அதற்காக, அவர் பெயரைச் சொல்லி, இரண்டு நிமிடம், தாழ்ந்த குரலில். வாசிக்க விரும்பினால் சங்கீதம் 23 மட்டும், விளக்கம் இல்லாமல். சுகம் நிச்சயம் என்று நீங்கள் வாக்குக் கொடுக்காதீர்கள்.

பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், நிறைய வேண்டும். ஞாபகம் மங்கிய முதியவர்கள் பிள்ளைகளின் பெயரை மறந்த பிறகும், சிறுவயதில் படித்த சங்கீதத்தை அடி பிசகாமல் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். வசனம் சொன்னதற்குப் பரிசு கொடுத்துவிட்டு அங்கேயே நிறுத்துவதில்தான் குறை. ஒப்பித்து முடித்ததும், "இதைக் கேட்டபோது இயேசப்பாகிட்ட உனக்கு என்ன சொல்லணும்னு தோணுது?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். பிள்ளை "தெரியல" என்றால் அதையும் அவரிடமே சொல்லச் சொல்லுங்கள். குடும்ப ஜெபம் பத்து, பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடியட்டும்: ஒரு பாட்டு, சுவிசேஷத்தில் ஒரு பத்தி, பிறகு ஒவ்வொருவரும் அன்றைய நாளிலிருந்து ஒரு நன்றியும் ஒரு விண்ணப்பமும். அப்பாவும் அம்மாவும் முதலில், உண்மையாக. மகனை அநியாயமாகத் திட்டியிருந்தால் அந்த ஜெபத்திலேயே அவன் காதுபட மன்னிப்புக் கேளுங்கள். மத்தேயு 5:23, 24 காணிக்கையை வைத்துவிட்டு முதலில் ஒப்புரவாகச் சொல்கிறது. அதைப் பிள்ளைகளுக்குப் பத்து முறை வாசித்துக் காட்டுவதைவிட அவர்கள் கண்முன் ஒரு முறை செய்வது அதிகம் பதியும். பதினைந்து, பதினாறு வயதில் ஜெபிக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிற பிள்ளையை பெற்றாருக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற எபேசியர் 6:1-ஐச் சொல்லி மடக்காதீர்கள். "சும்மா எங்களோட உட்காரு, போதும்" என்று சொல்லி, அவன் முறை வரும்போது அவனை விட்டுவிட்டு அடுத்தவருக்குப் போங்கள்.